ஹோட்டல் பாயிண்ட்ஸ்: எண்ணிக்கை அப்படியே இருக்கு... மதிப்பு மட்டும் ஏன் குறையுது?

ஹோட்டலில் தங்கும்போதும், கிரெடிட் கார்டு தேய்க்கும்போதும் சேரும் பாயிண்ட்ஸை பலரும் ஒரு சேமிப்பாகத்தான் பார்க்கிறார்கள். 'ரெண்டு மூணு வருஷம் சேர்த்தா குடும்பத்தோட மாலத்தீவு போயிடலாம்' என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால், தேவையான அளவு சேர்ந்ததும் ஆப்பைத் திறந்தால், அதே ரூமுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. கணக்கில் ஒரு பாயிண்ட் கூட குறையவில்லை. அதை வைத்து வாங்கக் கூடியதுதான் குறைந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது? பாயிண்ட்ஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த பாயிண்ட்ஸ் எப்படி வேலை செய்கிறது?

அடிக்கடி வரும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடக் கூடாது. இதுதான் அடிப்படை. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணிகளுக்காக இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்களும் அதே வழியில் வந்தன.

இன்று மேரியட், ஹில்டன் இரண்டின் திட்டத்திலும் தலா 20 கோடிக்கும் அதிகமானோர் உறுப்பினர்கள். இந்த நிறுவனங்களின் பெரும்பாலான ஹோட்டல்களில் நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 10 பாயிண்ட்ஸ் கிடைக்கும். ஹயாட்டில் டாலருக்கு 5. சேர்ந்த பாயிண்ட்ஸைக் கொடுத்து இலவசமாகத் தங்கலாம்.

சரி, ஒரு ரூமுக்கு எத்தனை பாயிண்ட்ஸ் என்று முடிவு செய்வது யார்? அதே ஹோட்டல் நிறுவனம்தான். நோட்டு அடிப்பவரே கடையில் விலையும் ஒட்டுகிறார். பிரச்னை தொடங்குவது இங்கேதான்.

ஒரு மாலத்தீவு ஹோட்டலின் கதை

மேரியட் 2016-ல் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கியது. 2018 ஆகஸ்ட்டில் இரண்டு நிறுவனங்களின் பாயிண்ட்ஸ் திட்டங்களும் இணைந்தன. அப்போது மாலத்தீவில் உள்ள 'செயின்ட் ரீஜிஸ் வொம்முலி' என்ற சொகுசு ஹோட்டலில் ஒரு இரவுக்கு 60,000 பாயிண்ட்ஸ் போதும்.

2019 மார்ச்சில் 'எட்டாவது பிரிவு' என்று புதிதாக ஒன்று வந்தது. அதே ஹோட்டல் 85,000 பாயிண்ட்ஸ் ஆனது. அந்த வருஷம் செப்டம்பரில் சீசன் விலை வந்தது. கூட்டம் இல்லாத நாளில் 70,000, சாதாரண நாளில் 85,000, சீசனில் 1,00,000.

ஒரு டாலருக்கு 10 பாயிண்ட்ஸ் என்று கணக்கு வைத்தால், முன்பு 6,000 டாலர் செலவழித்தவருக்குக் கிடைத்த ஒரு இரவு, சீசனில் 10,000 டாலர் செலவழித்தால்தான் கிடைக்கும். ஏறக்குறைய ஒரே வருஷத்தில் நடந்த மாற்றம் இது.

அடுத்து 2022 மார்ச்சில், எந்தப் பிரிவுக்கு எத்தனை பாயிண்ட்ஸ் என்ற அட்டவணையையே மேரியட் எடுத்துவிட்டது. முதல் வருஷம் பெரும்பாலான ஹோட்டல்கள் பழைய வரம்புக்குள் இருந்தன. 2023-லிருந்து அந்த வரம்பும் இல்லை. ஹில்டன் 2017-லேயே அட்டவணையைக் கைவிட்டுவிட்டது. ஹாலிடே இன்னை வைத்திருக்கும் ஐ.ஹெச்.ஜி நிறுவனமும் அதே பாதைக்கு மாறியது.

அட்டவணை போனா நமக்கு என்ன நஷ்டம்?

அட்டவணை இருந்தவரை ரூமின் பாயிண்ட்ஸ் விலை நிலையானது. ஆனால், ரூபாய் விலை தினமும் ஏறி இறங்கும். புத்தாண்டு, பள்ளி விடுமுறை என வாடகை இரண்டு மடங்கு ஆகும் நாளில், பாயிண்ட்ஸ் வைத்திருந்தவருக்குப் பெரிய லாபம். பலர் வருஷக்கணக்கில் சேர்த்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

இப்போது வாடகை ஏறும் நாளில் பாயிண்ட்ஸ் விலையும் சேர்ந்தே ஏறுகிறது. நியாயமாகச் சொன்னால், இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டம் இல்லாத நாளில் பாயிண்ட்ஸ் விலை இறங்கவும் செய்யும். ஆனால், பள்ளி லீவுக்கு மட்டுமே வெளியூர் போக முடிகிற குடும்பத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

இன்னொரு நஷ்டம், திட்டமிட முடியாமல் போவது. 'ஐந்து இரவுக்கு இத்தனை வேண்டும்' என்று இலக்கு வைத்துச் சேர்க்க முடிந்தது. இப்போது அந்த இலக்கு எப்போது வேண்டுமானாலும் நகரலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

மூன்று காரணங்கள் முக்கியம்.

முதலாவது, வங்கிகள். ஹோட்டல் நிறுவனங்கள் பாயிண்ட்ஸை வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கிகள் அதை கிரெடிட் கார்டு வழியாக நமக்குத் தருகின்றன. ஹோட்டலில் ஒரு நாள் கூட தங்காமல், மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கார்டு தேய்த்தே பாயிண்ட்ஸ் சேர்க்க முடியும். இப்படி வெளியே வரும் பாயிண்ட்ஸ் பெருகுகிறது. நல்ல ஹோட்டல்களில் ரூம் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகுவதில்லை. பணவீக்கம் எப்படி வருமோ, அதேதான் இங்கும்.

இரண்டாவது, கணக்குப் புத்தகம். பயன்படுத்தாத ஒவ்வொரு பாயிண்ட்டும் நிறுவனத்துக்கு ஒரு கடன் பொறுப்பு. மேரியட்டின் கணக்கில் 2023 இறுதியில் இந்தப் பொறுப்பு மட்டும் 600 கோடி டாலருக்கு மேல். ஒரு இரவுக்கான பாயிண்ட்ஸை உயர்த்தினால், பழைய பாயிண்ட்ஸுக்குக் கொடுக்க வேண்டிய ரூம்கள் குறையும்.

மூன்றாவது, ஹோட்டல் உரிமையாளர்கள். மேரியட் பெயரில் இருக்கும் பெரும்பாலான ஹோட்டல்களின் கட்டடம் மேரியட்டுக்குச் சொந்தமில்லை. பாயிண்ட்ஸில் வரும் விருந்தினருக்கான பணத்தை, திட்டத்தின் நிதியிலிருந்து உரிமையாளருக்கு நிறுவனம் கொடுக்கிறது. சீசனில் முழுப் பணம் கொடுத்துத் தங்க ஆள் இருக்கும்போது, குறைந்த தொகைக்கு ரூமை விட உரிமையாளருக்கு மனசு வருமா? கொரோனாவுக்குப் பிறகு ரூம்கள் நிரம்பத் தொடங்கியதும் இந்த அழுத்தம் அதிகமானது.

நம்ம ஊர் கார்டுகளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. 2023 ஆகஸ்ட்டில் ஹெச்.டி.எஃப்.சி வங்கி, மேரியட்டுடன் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டை அறிமுகப்படுத்தியது. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், வரி தனி. அதன் முக்கியமான ஈர்ப்பு, 15,000 பாயிண்ட்ஸ் வரை மதிப்புள்ள ஒரு இலவச இரவு. ஹோட்டல்களின் பாயிண்ட்ஸ் விலை ஏறினால், அந்த 15,000-க்குள் அடங்கும் ஹோட்டல்களின் பட்டியல் சுருங்கும். கார்டில் எதுவும் மாறியிருக்காது. ஆனால், கிடைக்கும் பலன் மாறியிருக்கும்.

வங்கி தன் பக்கத்திலிருந்தும் மதிப்பைக் குறைக்கலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு நல்ல உதாரணம். 5 பாயிண்ட்ஸ் கொடுத்தால் விமான, ஹோட்டல் திட்டங்களில் 4 பாயிண்ட்ஸாக மாற்றலாம் என்று இருந்தது, 2023 செப்டம்பர் 1 முதல் 5-க்கு 2 என்று ஆனது. ஒரு லட்சம் பாயிண்ட்ஸ் வைத்திருந்தவருக்கு 80,000 கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் 40,000 மட்டுமே.

அதாவது, வங்கி பாயிண்ட்ஸை ஹோட்டல் பாயிண்ட்ஸாக மாற்றுபவருக்கு இரண்டு இடத்தில் அடி விழலாம். வங்கியிலிருந்து மாற்றும்போது ஒன்று, ஹோட்டலில் செலவழிக்கும்போது இன்னொன்று.

சட்டப்படி கேட்க முடியாதா?

கடினம். 'பாயிண்ட்ஸ் உறுப்பினரின் சொத்து அல்ல, விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்' என்ற பொருளில் இந்தத் திட்டங்களின் விதிமுறைகளிலேயே எழுதியிருக்கும். சேரும்போது நாம் 'சம்மதம்' அழுத்துவது அதற்கும் சேர்த்துத்தான்.

ஏற்கெனவே சம்பாதித்த கார்டு பாயிண்ட்ஸின் மதிப்பைக் குறைப்பது சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் எச்சரித்தது. ஆனால், ஆட்சி மாறிய பின் 2025 மே மாதம் பல வழிகாட்டுதல்களோடு அதையும் அந்த அமைப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது.

எல்லா பாயிண்ட்ஸும் இப்படித்தானா?

இல்லை. சில திட்டங்களில் மதிப்பு பணமாகவே சொல்லப்படுகிறது. பிரான்ஸின் அக்கோர் நிறுவனத்தில் 2,000 பாயிண்ட்ஸ் என்றால் 40 யூரோ. தாஜ் ஹோட்டல்களில் பயன்படுத்தக் கூடிய டாடாவின் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய். இவற்றில் பெரிய லாபம் அடிக்க முடியாது. வாடகை ஏறினால் இவற்றின் வாங்கும் சக்தியும் குறையும். ஆனால், கையில் என்ன இருக்கிறது என்பதாவது தெளிவாகத் தெரியும். ஹயாட் இன்னும் அட்டவணையை வெளியிடுகிறது. அங்கேயும் 2022 மார்ச்சில் சீசன் விலை வந்துவிட்டது.

அப்போ என்ன செய்யலாம்?

* பைசா கணக்குப் போடுங்க. ரூமின் விலையை, வரியோடு சேர்த்து, கேட்கும் பாயிண்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். 15,000 ரூபாய் ரூமுக்கு 25,000 பாயிண்ட்ஸ் என்றால், ஒரு பாயிண்ட் 60 பைசா. அதே ரூமுக்கு 37,500 கேட்டால் 40 பைசாதான். குறைவாக வந்தால் பணம் கொடுத்துத் தங்கிவிட்டு, பாயிண்ட்ஸை வேறு நாளுக்கு வையுங்கள்.

* பாயிண்ட்ஸுக்காகக் கூடுதல் செலவு வேண்டாம். 6,500 ரூபாயில் நல்ல ரூம் இருக்கும்போது, பாயிண்ட்ஸுக்காக 8,000 ரூபாய் ஹோட்டலுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க டாலருக்கு 80 ரூபாய் என்றால், கிடைப்பது 1,000 பாயிண்ட்ஸ். 60 பைசா வீதம் மதிப்பு 600 ரூபாய். அதற்காகக் கூடுதலாகக் கொடுத்தது 1,500 ரூபாய்.

* வங்கியிலேயே இருக்கட்டும். ரூம் கிடைக்கிறது என்று உறுதியான பிறகே ஹோட்டல் பாயிண்ட்ஸாக மாற்றுங்கள். பொதுவாக, ஒருமுறை மாற்றினால் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது.

* ஐந்து இரவாகத் தங்கினால் லாபம். மேரியட்டில் பாயிண்ட்ஸில் ஐந்து இரவு தங்கினால் நான்கு இரவுக்கான பாயிண்ட்ஸ் போதும். ஹில்டனில் சில்வர் மற்றும் அதற்கு மேற்பட்ட உறுப்பினர்களுக்கு இந்தச் சலுகை உண்டு.

* காலாவதியைப் பாருங்க. மேரியட், ஹில்டன், ஹயாட் திட்டங்களில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லை என்றால் பாயிண்ட்ஸ் போய்விடும். ஐ.ஹெச்.ஜி-யில் சாதாரண உறுப்பினர்களுக்கு 12 மாதம்தான்.

வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. பாயிண்ட்ஸுக்கு வட்டி கிடையாது, மதிப்புக்கு உத்தரவாதமும் கிடையாது. பயணத் திட்டம் கையில் இருந்தால் சேருங்கள், சேர்ந்ததும் பயன்படுத்துங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்திருந்தால், அந்த 'அப்புறம்' வரும்போது விலை எவ்வளவு என்பது நம் கையில் இல்லை.