வேட்டுச் சத்தத்தை வெட்டாதீர்கள்

திருவிழாவில் வாசித்த நாதஸ்வரத்தைப் பழைய கேசட்டிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இப்போது இரண்டு காரியம் செய்கிறார்கள். முதலில் இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டு எடுக்கிறார்கள். பிறகு ஆலாபனையில் ‘இழுவையான’ இடங்களை வெட்டி எட்டு நிமிடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கேட்டால் சேவை என்கிறார்கள். செய்கூலி வாங்காமல் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் சேதாரம் பெரிது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் முதலில் அந்தக் கருவியின் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். இவற்றில் பல, பேச்சைத் தெளிவாக்குவதற்காகப் பிறந்தவை. மின்விசிறி மாதிரி மாறாமல் ஓடும் சத்தத்தை இரைச்சல் என்று கணக்கில் வைத்துக் கழிக்கும். சட்டென்று வெடிக்கும் சத்தம் வந்தால், முன்னும் பின்னும் பார்த்து அந்த இடத்தை நிரவிவிடும். இப்போது மேளத்தை அதன் முன்னால் வையுங்கள். மாறாமல் ஓடுவது எது? ஒத்து. அசையாமல் நிற்கும் கார்வை. சட்டென்று வெடிப்பது எது? கூடு மாட்டிய விரல் தவிலின் வலந்தலையில் விழுகிற அடி. வேட்டைத் துரத்தப் போன மென்பொருள் தவில்காரரின் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டு வருகிறது. மிஞ்சுவது தண்ணிக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி ஒரு ‘சுத்தமான’ ஒலி.

வேட்டையே எடுத்துக்கொள்வோம். சாமி புறப்பாட்டில் வேட்டு போட்டால் நல்ல வாசிப்புக்காரர் அது ஓயும்வரை ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அல்லது இடத்தைத் தவிலுக்கு விட்டுக்கொடுப்பார். வேட்டைத் துடைத்துவிட்டால் அவர் காரணமே இல்லாமல் நின்றதுபோலக் கேட்கும். இருந்த பதிலை வைத்துக்கொண்டு கேள்வியை அழித்த கதை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பகலில் ஒரு சத்தம் கேட்டால் அது கோயில் வேட்டா, பட்டாசு ஆபீஸில் ஏதும் ஆகிப்போச்சா என்று காதாலேயே பிரிக்கப் பார்ப்பார்கள். பிழைப்பு கற்றுக்கொடுத்த காது அது. அந்தக் காதுக்காரர்களுக்கா வேட்டையும் நாயனத்தையும் பிரித்துக் கேட்கத் தெரியாது?

அடுத்தது நேரம். 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் விரிந்த ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் சில நிமிடங்களாகச் சுருங்கியது. அது அன்றைய இயந்திரத்தின் கஞ்சத்தனம். இன்றைக்கு என்ன பஞ்சம்?

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. கிரேட்ஃபுல் டெட் குழு 1968இல் ‘டார்க் ஸ்டார்’ பாட்டைத் தட்டாக வெளியிட்டபோது அது மூன்று நிமிடம்கூட இல்லை. 1969 பிப்ரவரி 27 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் அதையே வாசித்தது ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் 23 நிமிடம். பாட்டு எங்கே இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். கச்சேரியைப் பதிவு செய்கிற ரசிகர்களுக்கு அந்தக் குழு 1984இல் அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. அவர்கள் தேதி, ஊர், மைக், எந்தப் பிரதியிலிருந்து எடுத்த பிரதி என்பதுவரை எழுதிவைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரியின் பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இருக்கிறது.

நானும் அந்தப் பதிவுகளைக் கேட்கிறவன்தான். என் வயதுக்காரர்கள் சிலர் ஜெர்ரி கார்சியாவின் கிடார் எந்த வருடம் எந்த இடத்தில் திரும்பியது என்று ராத்திரி முழுக்க வாதாடுவார்கள். கூட்டத்தின் கூச்சல், டேப் மாற்றிய இடைவெளி எல்லாம் அவர்களுக்கு ஆதாரம். அதே ஆட்கள் விருதுநகர் பங்குனிப் பொங்கல் மேளம் என்றால் ‘நாய்ஸ் ஜாஸ்தி பாஸ்’ என்கிறார்கள். இது ரசனை இல்லை. யாருடைய வாசிப்பைக் கவனிக்கலாம், யாருடையது வெறும் மங்கலச் சத்தம் என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட்ட காது.

இரண்டு மணி நேரம் யார் சார் கேட்பார்கள் என்று கேட்கிறார்கள். மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது உடம்பு சிலிர்ப்பதே, அதுவரை அங்கே ஏறாமல் நம்மைக் காக்கவைத்ததால்தான். காத்திருப்பை வெட்டிவிட்டால் மிஞ்சுவது உயரமான ஒரு சத்தம். சாகித்தியம் இல்லாமல் ராகத்தை மட்டுமே மணிக்கணக்கில் பாடிய விளாத்திகுளம் சுவாமிகளின் பூமி இது. கோவில்பட்டியில் குடியிருந்த காருகுறிச்சி அருணாசலத்தின் பூமி. பொறுமை இந்தக் கரிசலுக்குப் புதுசா?

இன்னொன்று பெயர். ஏற்றப்படும் பதிவுகள் பலவற்றில் ராகத்தின் பெயர் இருக்கிறது. தவில்காரர், சோடி நாயனம், ஒத்துக்காரர் பெயர் இல்லை. கரிசல் நாதஸ்வரக்காரர்கள் பட்ட அவமானத்தை எஸ். ராமகிருஷ்ணன் ‘சஞ்சாரம்’ நாவலாக எழுதினார். 2018இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது, கைதட்டினோம். அவர்கள் வாசித்த டேப்போ மைக் செட் கடைப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. பலருக்கு அது ஒன்றுதான் சாட்சி. அதையும் வெட்டி, பெயரில்லாமல் ஏற்றிவிட்டு மூலத்தை அழிப்பது அவமானத்தின் அடுத்த தவணை.

டேப் வேகம் தப்பிச் சுருதி ஏறியிருந்தால் சரிசெய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்ததை எழுதிவையுங்கள். மூலத்தை அப்படியே தனியாக வையுங்கள், முழுசாக ஏற்றுங்கள். ஊர், கோயில், தேதி, டேப் யாருடையது, வாசித்த அத்தனை பேரின் பெயர், இவற்றை விசாரித்து எழுதுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே விசாரியுங்கள். வேட்டு அது பாட்டுக்கு வெடிக்கட்டும்.