எடுத்த படத்தை முழுதாகப் படிப்போம்

ஞானப்பல் எடுக்க உட்கார்ந்தவர் ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்து, "உதடு மரத்துப் போச்சுங்க, ஆனா பின்னால சுருக்குனு வலிக்குதுங்க" என்பதைப் பல் மருத்துவர்களான நம்மில் கேட்காதவர் குறைவு. இன்னொரு ஊசி போட்டு வேலையை முடித்துவிடுகிறோம். அவருடைய சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) படம் கணினியிலேயே இருக்கிறது. கீழ்த்தாடை நரம்புக் கால்வாயிலிருந்து மெல்லிய கிளையொன்று மேலேறி, கடைசிப் பல்லுக்குப் பின்னால் எலும்பைத் துளைத்து வெளிவருகிறதா என்று அதில் எத்தனை பேர் தேடுகிறோம்?

1985இல் லாங்லே குழுவினர் 6,000 ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் தட்டை எக்ஸ்ரே) படங்களில் பார்த்தபோது, கால்வாய் இரண்டாகப் பிரிந்திருந்தது 0.95 விழுக்காட்டினரிடம்தான். 2009இல் ஜப்பானில் நைட்டோ குழுவினர் 122 பேரின் சிபிசிடியில் கண்டது 65 விழுக்காடு. இந்த வேறுபாட்டுக்குக் கருவியே முதற்காரணம். ஓபிஜியில் கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் பக்கவாட்டில் பிரியும் கிளை மறைந்துவிடும். மைலோஹையாய்டு நரம்பின் பள்ளமோ இல்லாத இரண்டாம் கால்வாயாகத் தோன்றும். எதைக் கிளை என்று எண்ணுவது என்பதிலும் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

சிபிசிடியும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. 0.4 மி.மீ. வாக்ஸலில் எடுத்த படத்தில் மெல்லிய கிளை கரைந்துபோகலாம். மைலோஹையாய்டு நரம்பு எலும்புக்கு வெளியே ஓடுவதால், வலிக்கு அது காரணமென்றால் படத்தில் கிளைக் கால்வாய் எதுவும் தெரியாது.

ஆனாலும் படிக்கும் முறையில் நாம் விடும் குறையே பெரிது என்பது என் கருத்து. இம்ப்ளான்ட் வைக்கும் இடத்தில் இரண்டு வெட்டுகளைப் பார்த்து, நரம்புக்கு மேல் 2 மி.மீ. விட்டு அளவெடுத்ததும் கோப்பை மூடிவிடுகிறோம். லிங்குலாவின் அருகில் தொடங்கி, ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, மென்டல் துளையைத் தாண்டி நரம்பு முன்னே வளைந்து திரும்புகிறதா என்பது வரை பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா, சூலூர் ஆர்.வி.எஸ்., ஈரோடு நந்தா, குமாரபாளையம் ஜே.கே.கே. நட்ராஜா, திருச்செங்கோடு கே.எஸ்.ஆர்., விவேகானந்தா என்று நம் கொங்கு வட்டாரத்தில் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவை தத்தம் படங்களை ஒரே நெறிமுறையில் படித்துச் சேர்த்தால், கொங்கு மக்களின் தாடையைப் பற்றி நம்பத்தக்க தரவு உருவாகும். வாக்ஸல் அளவைக் கட்டாயம் குறிக்க வேண்டும். கால்வாயின் முழு நீளமும் விழாத சிறு பரப்புப் படங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருவர் தனித்தனியே படித்து, சில வாரம் கழித்து மறுபடியும் படிக்க வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர்களின் படங்கள் என்பதால் கிடைக்கும் எண்ணிக்கை ஊர் முழுமைக்கும் பொருந்தும் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆய்வுக்கென்று ஒருவருக்கும் புதிதாகக் கதிர்வீச்சு தரக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஏற்கெனவே எடுத்த படங்களையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பெயரும் பதிவெண்ணும் நீக்கியே பயன்படுத்த வேண்டும்.

கிளை தென்படாத தாடைகளின் கணக்கையும் சேர்த்து வெளியிடுங்கள். அரிதானதை மட்டும் அச்சிட்டால் விழுக்காடு பொய்யாகிவிடும்.