தராசு அறியாத வேலை

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயதான பெண்களின் காதில் தோள்தொட ஆடிக்கொண்டிருந்த பாம்படமும் தண்டட்டியும் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போய்விட்டன. பாம்படத்தில் பூ இல்லை, கொடி இல்லை, அன்னமும் மயிலும் இல்லை. கோளம், கனசதுரம், அரைவட்டத் தட்டு ஆகியவற்றை அடுக்கி இணைத்த ஓர் உரு, அவ்வளவுதான். வடிவியலை ஒரு கலைக்கொள்கையாக ஐரோப்பியர் 1920களில் முழங்குவதற்கு முன்பே நம் பத்தர்கள் அறிக்கை எதுவும் விடாமல் இதைச் செய்து முடித்திருந்தார்கள். எங்கிருந்து வந்தது இந்த வடிவம்? பாம்பு படமெடுப்பதைப் பார்த்துச் செய்தார்கள் என்பது சுலபமான பதில். செய்முறையைக் கவனித்தால் வேறொரு பதிலுக்கு இடமிருக்கிறது. வளர்த்த காது கெட்டித் தங்கத்தின் பாரத்தைத் தாங்காது. சம்சாரி வீட்டுக்குக் கெட்டித் தங்கம் கட்டுப்படியும் ஆகாது. ஆகவே பொன்னை மெல்லிய தகடாக அடித்து உள்ளே அரக்கை நிரப்பினார்கள். தகட்டை மடித்தும் குவித்தும் பற்றவைக்கும் கைக்கு உருண்டையும் மட்டமான முகமும் இயல்பாக வரும். காதின் பலவீனமும் வீட்டின் வசதியும் அரக்கின் குணமும் கூடித்தான் அந்த உருவைத் தீர்மானித்திருக்கின்றன என்று எமக்குத் தோன்றுகிறது.

தனியாகப் பட்டறை வைத்துச் சொந்த வடிவங்களைச் செய்யும் நகைக் கலைஞர்களைப் பேட்டி காண்பவர்கள் அவர்களுடைய தூண்டுதல் எது என்று தவறாமல் கேட்கிறார்கள். இயற்கை, கோயில் சிற்பம், பாட்டியின் நகைப்பெட்டி என்று பதில்களும் தவறாமல் வருகின்றன. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் மயிலைப் பார்த்தவர்கள் எல்லோரும் நகை செய்துவிடவில்லை. லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் உள்ள ரெனே லலீக்கின் தும்பிப் பெண் மார்பணி 1897-98 காலத்தது. தும்பியை வரைந்தவர்களுக்கு அன்றும் பஞ்சமில்லை. அடித்தகடு இல்லாமல் உலோகச் சட்டங்களுக்குள் ஒளி ஊடுருவும் எனாமலை நிறுத்தும் வித்தை கைவந்ததால்தான் அவருடைய சிறகு சிறகாயிற்று. வைரத்தின் விலையை நம்பி நின்ற பாரிஸ் நகைத் தொழிலில் அவர் கொம்பையும் கண்ணாடியையும் துணிந்து நுழைத்தார். அசையும் சிற்பங்களால் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கால்டர் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார். பெரும்பாலும் பித்தளைக் கம்பியும் வெள்ளிக் கம்பியும்தான். பற்றவைப்பதைக் கூடியவரை தவிர்த்து, சுத்தியால் தட்டியும் சுருட்டியும் தறையடித்தும் இணைத்தார்; அந்தச் சுருள்களே அவருடைய பாணி. நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்வோர் வெள்ளிச் சட்டத்தில் அரக்கிட்டுக் கெம்புக் கல்லைப் பதித்துப் பொன் தாளால் விளிம்பு கட்டுகிறார்கள். தெய்வத் திருமேனிக்கென்று பிறந்து பரதநாட்டிய மேடைக்கு வந்த அந்த நகை, தூரத்திலிருந்து பார்ப்பவருக்காகவே செய்யப்படுவது. எங்கும் பொருளோடு மல்லுக்கட்டும் நேரத்தில்தான் கற்பனை பிறக்கிறது. அந்த நேரத்துக்கு யார் கூலி தருவது என்பதே எமது கேள்வி.

நகைக்கடை ரசீதில் எடை இருக்கிறது, அன்றைய கிராம் விலை இருக்கிறது, சேதாரம், செய்கூலி, கல் இருந்தால் கல்லின் விலை, 3 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் இருக்கின்றன. உருக்கும்போதும் அராவும்போதும் மெருகிடும்போதும் கழியும் பொன்னுக்கு ஈடாக வந்தது சேதாரம். உண்மையில் அரத்தூள் வீணாவதில்லை. பட்டறைத் தரையின் மண்ணைக்கூட விலைக்கு வாங்கி அலசிப் பொன் பிரிக்கும் ஆட்கள் உண்டு. 10 விழுக்காடு சேதாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பவுன் நகைக்கு 0.8 கிராம். நாள்கணக்கில் யோசித்துச் செய்த தோட்டுக்கும் அச்சில் அடித்து எடுத்த தோட்டுக்கும் ஒரே கணக்கு. நுணுக்கமான வேலைக்கு விழுக்காடு கூடுமே என்பார் கடைக்காரர். கூடுகிறது, மெய்தான். கூடிய விழுக்காடும் எடையின் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறது. ஒரே வேலைப்பாட்டை இரண்டு பவுனில் செய்தால் கூலி இரட்டிப்பு. அரைப் பவுனில் செய்துகாட்டும் கெட்டிக்காரருக்குப் பாதி. குறைந்த பொன்னில் நிறைந்த வடிவம் காண்பது இந்தக் கலையின் உச்சம் என்றால், உச்சத்தைத் தொட்டவருக்கு அபராதம் போடும் கணக்கு இது. வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொண்ட தலைமுறை பாம்படங்களையும் இந்தக் கணக்கில்தான் போட்டது. அரக்கைக் கழித்து, பொன்னை நிறுத்து, உருக்கிச் சங்கிலியும் வளையலும் ஆக்கினார்கள். வடிவம் கணக்கிலேயே வரவில்லை.

இதன் பின்னால் நெடுநாள் சந்தேகம் ஒன்றும் இருக்கிறது. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று தட்டாரைப் பழித்தது நம் பழமொழி. யோசனைக்கு வெளிப்படையாகக் கூலி தராத சமூகம் அந்தக் கூலியை எடைக்குள் ஒளித்துவைத்தது. அவர் அதை எடுத்துக்கொண்டபோது திருட்டு என்றது. அரசும் அவரைப் பொன்னின் ஒரு கசிவாகவே பார்த்தது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்த 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது. ஏராளமான பத்தர்கள் ஒரே மூச்சில் பிழைப்பிழந்தார்கள், தற்கொலைகளும் நடந்தன. அந்த விதி சில ஆண்டுகளில் விலக்கப்பட்டாலும் 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. 14 காரட் ஒன்றும் மட்டமான பொருளல்ல. கெட்டியானது, கல்லை இறுகப் பிடிப்பது, மேலைநாடுகளில் நல்ல நகைகள் அதில் செய்யப்படுகின்றன. இங்கே மக்கள் அதைத் தொடாததற்குக் காரணம், அவர்கள் வாங்கியது அடகுக்குப் போகும் பொன்னை.

வலுவான மறுப்பும் இங்கேதான் எழும். சொந்தப் பெயரில் நிலமோ வருமானமோ இல்லாத பெண்ணுக்கு நகைதான் காப்பு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வடிவத்துக்குக் கொடுத்த காசை எந்த அடகுக்கடையும் திருப்பித் தராது. நியாயமான பேச்சு. ஆனால் சேதாரமும் செய்கூலியும் இப்போதும் திரும்பி வருவதில்லையே. வாங்குபவர் ஏற்கெனவே இழந்துகொண்டிருக்கும் அந்தப் பணத்தை எடையிலிருந்து அவிழ்த்து, வடிவத்துக்கும் வேலைநேரத்துக்கும் தனி வரியாகக் காட்டுங்கள் என்பதுதான் எமது கோரிக்கை. பொன்னின் மதிப்பில் ஒரு குண்டுமணிகூடக் குறையாது. சொந்த வடிவம் என்பதே மாநகர வசதிக்காரர்களின் பொழுதுபோக்கு என்றொரு மறுப்பும் உண்டு; அதில் பாதி உண்மை. எடையின் பிடி தளர்ந்திருக்கும் வெள்ளியிலும் பித்தளையிலும் புதியவர்கள் துணிந்து இறங்குகிறார்கள். பட்டறையிலேயே வளர்ந்து, கம்பி இழுக்கவும் பொடி வைத்து ஊதவும் அவர்களைவிட நன்றாக அறிந்த பத்தரோ கடை ஆர்டருக்குக் கூலி வேலை செய்கிறார். அவருக்கு இல்லாதவை முதலும் பெயரும்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு பொற்கொல்ல ஆசானும் தமக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும் என்று 1363-லேயே சட்டம் வந்தது. அது பட்டறைத் தலைவரின் முத்திரை, கூலியாளின் பெயரல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நூற்றாண்டுகள் கழித்தும் இன்ன பட்டறையின் வேலை என்று சொல்ல முடிகிறது. நம் ஹால்மார்க் 2021 ஜூன் முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமானது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் சின்னம், தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி என்ற அடையாள எண் ஆகிய மூன்றும் நகையில் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் செயலியில் போட்டால் பதிவுபெற்ற நகைக்கடை தெரியும், சோதனை மையம் தெரியும். செய்தவர் தெரியமாட்டார். வாங்குபவரை ஏமாற்றிலிருந்து காக்க அது போதும்தான். அதே பதிவில் பட்டறைக்கும் ஓர் இடம் விடுவதில் என்ன சிரமம்?

பெயர் போட்டு என்ன லாபம், மறுவாரமே பஜாரில் அதே வடிவத்துக்கு டை வெட்டிவிடுவார்கள் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டுக் காப்பு, நீட்டித்தால் மேலும் 5. பதிவுக்குப் போகாதவரும் நிராயுதபாணி அல்லர். 1957-இன் பதிப்புரிமைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்தால்தான் அதன் பதிப்புரிமை போகும். ஒன்றோ பத்தோ செய்து நிறுத்துகிற தனிக் கலைஞருக்கு இது பெரிய வாய்ப்பு. பெருங்கடைக்கு இது கிடையாது. வழக்கு என்று போனால் முதலில் செய்தவர் தாமே என்று காட்ட வேண்டும். அதற்குத் தேதியிட்ட வரைபடம், வேலை நடக்கும்போது எடுத்த படம், வடிவத்துக்குத் தனிக் கூலி எழுதிய ரசீது ஆகியவை கையில் இருக்க வேண்டும். ஊர்தோறும் உள்ள பத்தர் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு அப்படியொரு ரசீதுப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். இதற்கு அரசாணை வேண்டாம், உள்ளூர் அச்சகம் போதும்.