அறச்சபையில் அமர்வோர் யார்?

ஈகை சிறந்த அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் ஒருவர் தம் கையால் அயலார் ஒருவர்க்கு ஈவது வேறு. பல நாட்டார் ஈந்த பொருளைத் திரட்டி, கடல்கடந்து வாழும் முகமறியா மக்களுக்குப் பகிர்ந்தளிப்பது வேறு. முன்னதற்கு இரக்கம் ஒன்றே போதும். பின்னதற்கு இரக்கத்தோடு ஒரு சபையும் வேண்டும். அச்சபையில் அமர்வோர் யார்? அவரை அமர்த்துவோர் யார்? அவர் யார்க்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? இம்மூன்று வினாக்களும் ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கு இன்று வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் இந்நாட்டில் 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெரிதும் நலிந்தது. அதன்பின் பல திசைகளிலிருந்தும் உதவி வந்தது. அவ்வுதவி வந்த வழிகளுள் ஒன்று கத்தோலிக்கத் திருச்சபையின் ‘கரித்தாஸ்’ அமைப்பாகும்.

யான் சைவன். திருச்சபையின் உள்விவகாரங்களில் தலையிடுவது என் கருத்தன்று. ஆயினும் கரித்தாஸ் சமயம் பாராது உதவும் நோக்கமுடையது; தோட்டத்து மக்களிற் பெரும்பாலோரோ சைவர். உதவி பெறும் மக்களுள் ஒருவனாக நின்று அதனை நடத்தும் சபையைப் பற்றிச் சிந்திப்பது குற்றமாகாது.

‘கரித்தாஸ்’ என்பது இலத்தீன் சொல். அன்பு என்பது அதன் பொருள். 1951ஆம் ஆண்டு தோன்றிய உலகக் கரித்தாஸ், 162 உறுப்பு அமைப்புக்களைக் கொண்டு, 200க்கு மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் பணிசெய்கின்றது. நான்காண்டுக்கு ஒருமுறை அதன் பொதுச்சபை கூடித் தலைவரையும் பொதுச் செயலாளரையும் தெரிவு செய்யும். இலங்கையில் கத்தோலிக்க ஆயர் பேரவை 1968ஆம் ஆண்டு நிறுவிய ‘செடெக்’ அதன் கிளையாயிற்று. யாழ்ப்பாணத்தார் ‘கியூடெக்’ என்றும், மன்னார் மக்கள் ‘வாழ்வுதயம்’ என்றும், மட்டக்களப்பார் ‘எகெட்’ என்றும், கண்டியினர் ‘செட்டிக்’ என்றும் அறிந்தவை எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே.

இத்துணைப் பெரிய அமைப்பின் தலைமைச் சபை ஒரே நாளிற் கலைக்கப்பட்ட செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் ஓர் ஆணையினால், தலைவர் கர்தினால் தாக்லே முதலாகப் பொதுச் செயலாளர் அலோய்சியஸ் ஜோன் ஈறாக அனைவரையும் பதவியினின்றும் நீக்கினார். பியர் பிரான்செஸ்கோ பினெல்லி என்பவர் தற்காலிக நிருவாகியாக அமர்த்தப்பட்டார். பணங் களவாடப்பட்டதோ என்று உலகம் ஐயுற்றது. ஆனால் முன்னரே நடந்த ஆய்வில் நிதிமோசடிக்கோ ஒழுக்கக் கேட்டிற்கோ சான்று கிடைக்கவில்லை என்று வத்திக்கான் அறிவித்தது. கண்ட குறை வேறு: நிருவாக முறைகள் சீரற்றிருந்தன, அதனால் ஊழியரின் ஒற்றுமையும் மனவூக்கமும் கெட்டிருந்தன. 2023 மே மாதத்தில் உரோமையிற் கூடிய பொதுச்சபை, தோக்கியோ பேராயர் கிக்குச்சியைத் தலைவராகவும், அலிஸ்டெயர் டட்டனைப் பொதுச் செயலாளராகவும் தெரிவுசெய்தது.

இந்நிகழ்ச்சியினின்றும் நாம் அறியத்தக்கவை இரண்டு. கணக்குத் தூய்மை மாத்திரம் ஓர் அறச்சபைக்குப் போதாது என்பது முதலாவது. ஒரு காசும் குறையாதிருக்கலாம். ஆயினும் வெளியே அன்பை வழங்கும் இல்லத்தின் உள்ளே அன்பு இல்லையாயின் அஃது அறமாகாது. திருத்தம் எத்திசையிலிருந்து வந்தது என்பது இரண்டாவது. பொதுச்சபை தெரிவுசெய்தவர்களை மேலிருந்து வந்த ஆணை நீக்கியது. இதற்கு முன்னரும், 2007ஆம் ஆண்டு பொதுச் செயலாளரான முதற் பெண்மணி லெஸ்லி ஆன் நைற் 2011இல் மீண்டும் போட்டியிட வத்திக்கான் இசையவில்லை. திருச்சபையின் பெயரால் இயங்கும் அமைப்பைத் திருத்தும் உரிமை திருச்சபைக்கு உண்டு. அதனை யான் மறுக்கவில்லை. உரோமைச் செயலகத்தில் இருப்போரின் மனவருத்தம் உரோமைக்கு எட்டியது. நமுனுகலைச் சாரலிற் கொழுந்து கொய்யும் பெண்ணுக்கு, தனக்கென வந்த உதவி தவறான கைக்குப் போயிற்று என்று தோன்றினால், அவள் முறையிடும் வழி எது? எவ்வமைப்பாயினும், அவ்வழியைத் தோட்டத்தில் எத்தனை பேர் அறிவர்?

சபைக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் ‘வாரியம்’ என்னும் சொல் ஈண்டு நினைக்கத்தக்கது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள, காலம் கி.பி. 919, 921. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்களுக்கும் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். அண்மையில் மூன்றாண்டுக்குள் வாரியஞ் செய்தவராய் இருத்தலாகாது. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளின் முன் விதிக்கப்பட்ட இவ்விலக்குகளை இன்றைய சங்கங்கள் பலவும் கைக்கொண்டால் நாடு உய்யும்.

ஆனால் அக்கல்வெட்டைப் பாராட்டுவோர் பெரும்பாலும் சொல்லாது விடும் விதியொன்று உண்டு. வரிசெலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராய், தம் மனையில் வீடு கட்டி வாழ்பவராய் இருப்பவரே குடவோலைக்கு உரியவர். வேதக்கல்வியும் வேண்டும். இவ்விதியை நம் தோட்டங்களுக்கு ஏற்றிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக லயன் காம்பிராவில் வாழ்பவனுக்கு நிலமும் இல்லை. தன் மனையும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு தோட்ட வாரியம் அமைத்தால், அதில் இடமில்லாதவன் தோட்டத் தொழிலாளியே ஆவான். சொத்தும் கல்வியும் ஆங்கிலமும் உடையவரே சபைக்குத் தக்கவர் என்னும் எண்ணம் கல்வெட்டோடு மறைந்துவிடவில்லை.

தோட்ட மக்களின் வரலாறு முழுவதும் இவ்வாறு பிறர் கூடிய சபைகளின் தீர்மானமாகவே இருந்திருக்கின்றது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் என்று பங்கிட்டது. எங்கே வாழ விரும்புகின்றீர் என்று அம்மக்களை முன்னதாக எவரும் கேட்கவில்லை. அண்மைக் காலத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்களோ லயனிலேயே இருந்தார்கள். முடிவெடுக்கும் இடத்திற்கும் உயிர்வாழும் இடத்திற்கும் இடைப்பட்ட தூரம் எத்துணைக் கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இத்தூரத்தைக் குறைக்க முயன்றோர் திருச்சபையினுள்ளும் இருந்தனர். கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பதுளை, மொனராகலை மாவட்டங்களைக் கொண்டு 1972இல் எழுந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். அவ்வாண்டிலேயே யேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிற் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கிச் சிங்களவரையும் தமிழரையும் ஒருங்கு வாழச் செய்து, தோட்ட மக்களின் உரிமைக்கு உழைத்தார். மக்கள் தம் முன்னேற்றத்தைத் தாமே ஆக்குவோராதல் வேண்டும் என்று 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் விடுத்த மடலும் வற்புறுத்தியது. இங்கிலாந்தின் ‘கபோட்’ என்னும் கத்தோலிக்க அற நிறுவனம், 1960இற் பெண்கள் சங்கங்கள் நடத்திய ஒருநாள் நோன்பின் சேகரிப்பிலிருந்தே முளைத்தது. எளிய மகளிர் தொடங்கத்தக்க பணியை, எளிய மகளிர் வழிநடத்தவும் கூடும்.

‘கணக்கும் சட்டமும் அறியாதவரைச் சபையில் அமர்த்திப் பயனென்ன?’ என்று சிலர் வினவுவர். கணக்கறிந்தவர் வேண்டியதே, ஆயராலும் கொடையாளராலும் அமர்த்தப்படுவோரும் இருக்கட்டும். ஆனால் எந்த லயனில் ஊற்று உடைகின்றது, எந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் விடுபட்டது என்பன கணக்காளர் அறியாத கல்வி. வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் இன்றியும் கெடுவான் என்று எச்சரிக்கின்றார். பசித்தவனே சபைக்கு நல்ல இடிப்பான்.

ஆகவே யான் வேண்டுவன சில. தோட்டங்களில் உதவிப்பணி செய்யும் ஒவ்வோர் அமைப்பின் மாவட்டச் சபையிலும், தோட்ட மக்கள் தாமே தெரிந்தெடுத்தோர் இருவரேனும் அமரல் வேண்டும். அவருள் ஒருவர் கொழுந்து கொய்யும் பெண்ணாதல் வேண்டும். கூட்டக் குறிப்பும் வரவு செலவும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை தோட்டத்துக் கோயில் முன்றிலில் அக்கணக்கைப் படித்துக் காட்டி, கேள்விக்கு விடையளித்தல் வேண்டும். மூன்றாண்டு இருந்தவர் மூன்றாண்டு விலகி நிற்றல் வேண்டும். உத்தரமேரூரின் நல்விதிகளை எடுத்துக்கொண்டு, கால் வேலி விதியை மட்டும் விட்டுவிடுவோமாக. கரித்தாஸ் போன்ற பழம்பெரும் அமைப்புக்கள் இதில் முன்நடந்தால் ஏனையவை பின்தொடரும். புயலால் வீடிழந்தோர்க்கு எங்கே வீடு, எவர்க்கு முதலில் என்னும் முடிவுகளில் அவர்க்கும் குரல் இருக்குமாறு பொறுப்புடையோர் ஆவன செய்வார்களாக.