காத்திருப்பும் ஒரு சரக்கு

கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வாழ்க்கை விளையாட்டுகளை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். 2011இல் வெளிவந்த 'தி சிம்ஸ் ஃப்ரீபிளே'யை எடுத்துக்கொள்வோம். அதன் மாந்தர் வீடு கட்டுவதும் பயிரிடுவதும் நம் கடிகாரத்தின்படியே நடக்கின்றன. காத்திருக்க மனமில்லையெனில் 'வாழ்க்கைப் புள்ளி'களைச் செலவிட்டு உடனே முடிக்கலாம். புள்ளி தீர்ந்தால் பணம் கொடுத்து வாங்கலாம். நம் பொறுமையின்மையே அங்கு வணிகம்.

இத்தகைய விளையாட்டுகள் சேர்வராயன் மலைப் பிள்ளைகளின் கைகளுக்கும் வந்துவிட்டன. அவர்களைச் சூழ்ந்திருப்பதோ காபித் தோட்டங்கள். 1820களில் சேலம் ஆட்சியராயிருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொணர்ந்த பயிர் அது. நட்ட கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கோடை மழைக்குப் பூத்தது பழுக்க எட்டு, ஒன்பது மாதங்கள். அக்காலம் வெற்றுப் பொழுதன்று. களையெடுப்பதும் நிழல்மரங்களைக் கவாத்து செய்வதும் அதனுள் அடங்கும். விளையாட்டிலோ காத்திருப்பு வெறும் தடை.

விளையாட வேண்டாம் என்பதன்று நம் வாதம். காத்திருப்பதைக் குறையென்று பழகிய மனம், தோட்டத்தில் காத்திருந்து உழைக்கும் பெற்றோரையும் குறைவாக எண்ணத் தொடங்குமோ என்பதே நம் அச்சம்.