நிழல்வலை கிழியாமல் இருக்க மூலையைக் கவனியுங்கள்

கேள்வி: மாட்டுக் கொட்டகை முன்பு 16 அடிக்கு 16 அடியில் நைலான் கயிறு போட்டு நிழல்வலை கட்டினேன். இரண்டு வருடமாகச் சித்திரைக் காற்றில் கிழிந்துவிடுகிறது. விறைப்பாகக் கட்ட என்ன சாமான் வாங்க வேண்டும்? கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?
- வாசகர், புதுச்சத்திரம்

பதில்: தொய்ந்த வலைதான் கிழியும். வெயிலில் நைலான் கயிறு இளகும். வலை படபடத்து மூலையில் பிய்யும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று, நேருக்கு நேர் தடுக்கும் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிலோ அழுத்தம் தரும். உங்கள் வலையின் அளவுக்கு அது 500 கிலோவைத் தாண்டும். வலைக்கண் வழியே கொஞ்சம் காற்று போனாலும், மீதி இழுவை நான்கு மூலைகளில்தான் விழும்.

லாரி பாடி கட்டும் ஊரான நாமக்கல்லில் ஹார்டுவேர் கடைகளில் இவற்றைக் கேளுங்கள்:

டர்ன்பக்கிள்: இரு முனையிலும் எதிரெதிர் மரை. நடுவில் திருகினால் இரு பக்கமும் உள்ளே இழுக்கும். முழுவதும் திறந்த நிலையில் மாட்டினால்தான் பிறகு இறுக்க இடமிருக்கும். இறுக்கியபின் கம்பி கோத்துப் பூட்டுங்கள்.

டி ஷேக்கிள்: மூலை வளையத்தையும் டர்ன்பக்கிளையும் இணைக்கும் கொக்கி.

ஐ போல்ட்: கம்பத்தில் ஊடுருவிப் பூட்டும் வளையம்.

ஸ்டீல் ரோப், திம்பிள், புல்டாக் கிளிப்: இடைவெளி அதிகமானால் ரோப் வேண்டும். ரோப்பை மடிக்கும் கண்ணில் திம்பிள் வையுங்கள். ஒரு முனைக்கு 3 கிளிப். யு போல்ட் வெட்டுமுனைப் பக்கமும், அடிக்கட்டை இழுவை தாங்கும் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இழுவை தாங்கும் ரோப் நசுங்கிப் பலம் போகும்.

எல்லாமே ஜி.ஐ. பூச்சு உள்ளதாக, தாங்கும் எடை குறிப்பிட்டதாக வாங்குங்கள்.

வலை ஓரம் பெல்ட் வைத்துத் தைத்து, மூலையில் இரும்பு வளையம் பொருத்தியதாக இருக்கட்டும். ஓரத்தின் நடுவில் ஒரு அடி உள்வளைவாக வெட்டித் தைத்தால் ஓரமும் விறைக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டை 12 அடியிலும், மற்ற இரண்டை 9 அடியிலும் கட்டினால் வலை முறுக்கி நிற்கும், மழைநீரும் தேங்காது.

கம்பத்துக்கு 4 அங்குல கனமான ஜி.ஐ. குழாய் நல்லது. 12 அடிக் கம்பம் மண்ணுக்குள் 4 அடியும், 9 அடிக் கம்பம் 3 அடியும் இறங்க வேண்டும். வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து நட்டு, கான்கிரீட் போடுங்கள். ஒரு வாரமாவது இறுகவிட்டபின் வலையை இழுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சட்டத்திலோ பழைய மண்சுவரிலோ கட்டாதீர்கள். காற்றில் சட்டமும் சேர்ந்து மாட்டின் மேல் விழும். மின்கம்பி அருகிலும் வேண்டாம்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை டர்ன்பக்கிளை இறுக்குங்கள். புது வலை இளகிக் கொடுக்கும். புயல், சூறைக்காற்று எச்சரிக்கை வந்தால் நான்கு மூலையையும் கழற்றி வையுங்கள். ஒரு மூலையை மட்டும் கழற்றினால் தொங்கும் இரும்பு ஆளையும் மாட்டையும் அடிக்கும்.