அறிக்கை தண்டனை ஆகாது

கனடாவில் வாழும் தமிழர் பலரிடம் ஓர் உறுதியான நம்பிக்கை இருக்கிறது. "இங்கே எவ்வளவு பெரிய ஆளென்றாலும் பிழை விட்டால் தப்ப ஏலாது" என்பார்கள். கலியாண மண்டபத்திலும் கோயில் வாசலிலும் இதைக் கேட்கலாம். சான்றுக்கு ஒரு கதையும் வைத்திருப்பார்கள். லண்டன் ஹோட்டலில் குடித்த தோடம்பழச் சாற்றுக்கு 16 டொலரை அரசின் கணக்கில் எழுதிய அமைச்சர் பெவ் ஓடா, 2012இல் அது அம்பலமான சில மாதங்களில் பதவி விலகினார். "எங்கட ஊரில் இது நடக்குமா?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த நம்பிக்கை பிழையானது. நாட்டுக்குக் கேடானதும்கூட. கனடாவில் தவறுகள் கண்டுபிடிக்கப்படுகின்றன, உண்மைதான். ஆனால் கண்டுபிடிப்பதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. தவறு வெளியே வந்ததையே தவறு செய்தவர் பதில் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ள நாம் பழகிவிட்டோம். 16 டொலர் சாறு எல்லோருக்கும் விளங்கும், அதனால் ஓர் அமைச்சர் போனார். கோடிக்கணக்கான டொலர்கள் கரைந்த இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2016 பெப்ரவரியில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க 'பீனிக்ஸ்' என்ற கணினி முறையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 70 மில்லியன் டொலர் மிச்சமாகும் என்றார்கள். திட்டத்தை வகுத்தது ஹார்ப்பரின் கொன்சர்வேடிவ் அரசு, பொத்தானை அழுத்தியது ட்ரூடோவின் லிபரல் அரசு. சம்பளம் வராமல், குறைந்து, கூடி, இலட்சக்கணக்கான ஊழியர்கள் அல்லற்பட்டார்கள். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களும், கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். 2018இல் கணக்காய்வாளர் நாயகம் மைக்கல் பேர்கசன் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று வர்ணித்தார். செலவையும் காலத்தையும் குறைப்பதற்காக முக்கியமான வசதிகள் நீக்கப்பட்டதையும் முன்னோட்டச் சோதனை கைவிடப்பட்டதையும் அவர் எழுதி வைத்தார். மிச்சம் பிடிக்க வந்த முறை பில்லியன் கணக்கில் செலவு வைத்தது. இதற்காகப் பதவி இழந்த அமைச்சர் ஒருவர்கூட இல்லை. திட்டத்தை வகுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். தொடங்கி வைத்தவரோ முந்தைய ஆட்சியிடமிருந்து வந்த வினை என்றார்.

பீனிக்ஸ் காட்டும் பாடம், காலம்தான் இங்கே குற்றவாளிக்குத் துணை நிற்கிறது என்பது. பிழை நடக்கும்போது ஓர் அமைச்சர் இருப்பார். அறிக்கை வரும்போது இன்னொருவர் அந்த நாற்காலியில் இருப்பார். துணை அமைச்சர்கள் என்ற உயர் அதிகாரிகளும் சில ஆண்டுகளில் வேறு திணைக்களத்துக்கு மாறிவிடுவார்கள். புதியவர் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து எல்லாப் பரிந்துரைகளையும் ஏற்கிறோம் என்கிறார். அடுத்த நாள் செய்தி வேறு. 2024இல் 'அரைவ்கேன்' செயலி பற்றிய கணக்காய்வு வந்தபோதும் இதையே கண்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லை கடப்போருக்காகச் செய்த அந்தச் செயலிக்குச் சுமார் 59.5 மில்லியன் டொலர் செலவாகியிருக்கலாம் என்று கணக்காய்வாளர் நாயகம் கரன் ஹோகன் மதிப்பிட்டார். சரியான தொகையைச் சொல்ல முடியாத அளவுக்குப் பதிவுகள் சீரழிந்திருந்தன என்பதும் அவருடைய முடிவு. ஒரு சிறு கடைக்காரர் இப்படிக் கணக்கு வைத்தால் வருமான வரித் துறை அவரைச் சும்மா விடுமா?

அடுத்த நம்பிக்கைக்கு வருவோம். நம்மைக் காக்க ஆணையர்கள் இருக்கிறார்கள் என்பது அது. ஒழுக்கநெறி ஆணையர் 2017 டிசம்பரில் ஒரு தீர்ப்புத் தந்தார். சமயத் தலைவர் ஆகா கானின் தனித் தீவில் விடுமுறை கழித்த அப்போதைய பிரதமர் ட்ரூடோ, நலமுரண் சட்டத்தின் நான்கு பிரிவுகளை மீறினார் என்றது அது. 2019 ஓகஸ்டில் இன்னொரு தீர்ப்பு. எஸ்.என்.சி. லவலின் நிறுவனத்தின் மீதான குற்ற வழக்கு விடயத்தில் சட்டமா அதிபர் ஜோடி வில்சன் ரேபோல்டின் மீது ட்ரூடோ முறையற்ற அழுத்தம் கொடுத்தார் என்று ஆணையர் கண்டார். பிரதமர் பொறுப்பேற்கிறேன் என்றார், மன்னிப்புக் கேட்க மறுத்தார். தண்டனை? ஒன்றும் இல்லை. அந்தச் சட்டத்தில் உள்ள அபராதம் அதிகபட்சம் 500 டொலர். அதுவும் சொத்து விபரங்களை உரிய காலத்தில் தெரிவிக்காதது போன்ற தவறுகளுக்கு மட்டும். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் மூலக் குற்றத்துக்கு ஒரு சதம்கூட அபராதம் கிடையாது. தண்டனை பெற்றவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அழுத்தத்துக்கு இணங்காத வில்சன் ரேபோல்டைச் சொல்லலாம். அவரும், அவருக்கு ஆதரவாகப் பதவி துறந்த ஜேன் பில்பொட்டும் 2019 ஏப்ரலில் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. ஒன்பது சாட்சிகள் தமக்குத் தெரிந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை. அமைச்சரவை இரகசியம் என்ற சுவர் குறுக்கே நின்றது. அந்தச் சுவரைத் திறக்கும் அதிகாரம் யாரை விசாரிக்கிறார்களோ அவருடைய அரசிடமே இருக்கிறது. இதைச் சுதந்திரமான விசாரணை என்று எப்படி ஏற்பது?

உள்ளே இருந்து உண்மை சொல்ல வருகிற ஊழியருக்காக ஓர் ஆணையம் உண்டு. அதன் கதையும் வேதனையானது. அது ஓர் ஊழலிலிருந்து பிறந்தது. கியூபெக்கில் விளம்பர உதவித் திட்டம் என்ற பெயரில் 250 மில்லியன் டொலர் செலவானது. அதில் 100 மில்லியனுக்கு மேல் விளம்பர நிறுவனங்களின் கட்டணமாகவும் தரகாகவும் போனதைக் கணக்காய்வாளர் நாயகம் ஷீலா பிரேசர் 2004இல் வெளிக்கொண்டு வந்தார். விளம்பர நிறுவனக்காரரும் ஓர் அதிகாரியும் சிறை சென்றார்கள், அமைச்சர் எவர் மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. இனி இப்படி நடக்காது என்று சொல்லி 2006இல் பொறுப்புக்கூறல் சட்டம் நிறைவேறியது. தகவல் கொடுக்கும் ஊழியரைக் காக்கும் ஆணையம் அடுத்த ஆண்டு இயங்கத் தொடங்கியது. முதல் ஆணையரின் காலத்தில் 228 முறைப்பாடுகள் வந்தன. ஒன்றில்கூடத் தவறு நடந்ததாக அவர் முடிவு சொல்லவில்லை. அந்த ஆணையத்தையே கணக்காய்வு செய்ய வேண்டிய நிலை வந்தது. 2010இல் அந்த அறிக்கை வெளியாகும் முன்பே அவர் அரை மில்லியன் டொலருக்கு மேல் பெற்றுக்கொண்டு பதவியை விட்டுப் போயிருந்தார்.

சரி, ஆணையர்கள் தவறினாலும் மக்கள் தேர்தலில் தண்டிப்பார்கள் என்பது கடைசி நம்பிக்கை. விளம்பர ஊழலுக்குப் பின் 2006இல் லிபரல் கட்சி தோற்றது, மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றை முழுதாகப் பார்க்க வேண்டும். 2011 மார்ச்சில், கேட்ட செலவு விபரங்களைத் தர மறுத்ததற்காக ஹார்ப்பர் அரசு நாடாளுமன்றத்தை அவமதித்ததாகச் சபை தீர்மானித்து அதைக் கவிழ்த்தது. மே 2ஆம் திகதித் தேர்தலில் அதே ஹார்ப்பர் பெரும்பான்மை பெற்றார். 2019 ஓகஸ்டில் சட்டம் மீறியதாகத் தீர்ப்புப் பெற்ற ட்ரூடோ ஒக்ரோபரில் மீண்டும் பிரதமரானார்.

நம் வீட்டு வாசலுக்கே வருவோம். 2022 இறுதியில் ஒன்ராறியோ அரசு பாதுகாக்கப்பட்ட பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கர் நிலத்தை வீடு கட்டவென்று விடுவித்தது. தமிழர் நெருக்கமாக வாழும் மார்க்கம், பிக்கரிங் பகுதிகளை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் விளைநிலமும் அதில் அடக்கம். நில உரிமையாளர்களுக்கு 8.3 பில்லியன் டொலர் வரை இலாபம் சேரக்கூடும் என்று 2023 ஓகஸ்டில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் கணித்தார். வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் நேர்மைச் சட்டத்தை மீறினார் என்று நேர்மை ஆணையர் கண்டார். கிளார்க் செப்டெம்பரில் பதவி விலகினார். முதல்வர் டக் போர்ட் மன்னிப்புக் கேட்டு நிலத்தைப் பசுமை வளையத்தில் மீண்டும் சேர்த்தார். இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். 2024 ஜூனில் கிளார்க் மீண்டும் அமைச்சரவையில் அமர்ந்தார். 2025 பெப்ரவரியில் போர்ட் மூன்றாம் முறையாகப் பெரும்பான்மை பெற்றார். தேர்தலில் வரி, வாடகை, மருத்துவமனை, அமெரிக்க மிரட்டல் எல்லாம் ஒரே வாக்குச் சீட்டில் சேர்ந்து வருகின்றன. அந்தச் சீட்டால் ஒரு தனித் தவறுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

பணத்தோடு போகும் விடயமாக இருந்தால் பொறுக்கலாம். உயிர் போன இடத்திலும் இதே முறைதான். 1985இல் எயார் இந்தியா விமானக் குண்டுவெடிப்பில் 329 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் கனடியப் பிரஜைகள். சந்தேக நபரின் தொலைபேசி ஒலிப்பதிவுகளைக் கனடிய உளவுத்துறை அழித்திருந்தது. பொது விசாரணை ஆணையம் தன் முடிவைச் சொல்ல 2010 ஆனது. அரசின் அமைப்புகள் அடுக்கடுக்காகத் தவறியதை அது விரிவாக எழுதியது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஒலிப்பதிவை அழித்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 25 ஆண்டுகள் கழித்து வரும் உண்மையைப் பிள்ளையை இழந்த தாய் எந்த வயதில் வாசிப்பாள்?

"ஆனாலும் ஊரை விட இது எவ்வளவோ மேல்" என்று நண்பர்கள் சொல்வார்கள். மேல்தான். கைலஞ்சம் கொடுக்காமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. பத்திரிகையாளர் பயமின்றி எழுதுகிறார். பொலிஸ்காரரைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. இவற்றின் அருமை அவை இல்லாத நாட்டிலிருந்து வந்த நமக்குத் தெரியும். ஆனால் மோசமான இடத்தோடு ஒப்பிட்டு ஆறுதல் கொள்பவர் தன் வீட்டைத் திருத்த மாட்டார். ஊழல் குறைவான நாட்டுக்குக் கூடிய புள்ளி தரும் சர்வதேச மதிப்பீட்டில் கனடா 2012இல் 84 புள்ளி பெற்றிருந்தது. 2024இல் 75. நாம் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போதே சரிவு நடக்கிறது. வந்தவர்கள் என்ற நன்றியுணர்ச்சியால் வாய் மூடியிருப்பது இந்த நாட்டுக்குச் செய்யும் உதவி ஆகாது. நாம் இங்கே விருந்தாளிகளா? வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், நம் பிள்ளைகள் இங்கேதான் வாழப்போகிறார்கள்.

மாற்றத்துக்குப் பெரிய புரட்சி தேவையில்லை. நலமுரண் சட்டத்தின் மூலக் குற்றங்களுக்கு, பதவியையே அசைக்கும் அளவுக்குத் தண்டனை வேண்டும். அமைச்சரவை இரகசியத்தை ஆணையரும் கணக்காய்வாளர் நாயகமும் பார்க்கும் உரிமையைச் சட்டம் தர வேண்டும். பிரதமரின் தயவில் அது இருக்கக்கூடாது. தவறு செய்த காலத்தில் பொறுப்பில் இருந்த அமைச்சரும் அதிகாரியும் எந்தப் பதவிக்கு மாறினாலும் நாடாளுமன்றக் குழுவின் முன் பெயர் சொல்லி அழைக்கப்பட வேண்டும். உண்மை சொன்ன ஊழியர் தான் பழிவாங்கப்பட்டதாக முறையிட்டால், பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை திணைக்களத்தின் மேல் விழ வேண்டும். இந்த நான்கையும் இரு பெரிய கட்சிகளில் எது ஆட்சிக்கு வந்தாலும் செய்யலாம். செய்யாததற்குக் காரணம், நாம் கேட்காததுதான்.

தைப்பொங்கலுக்கு மேடையேறி வணக்கம் சொல்லும் அரசியல்வாதிகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகிறார்கள். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் மாலை போட முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் அரசில் நடந்த பெரிய தவறுக்கு யார் பதவி இழந்தார், அவர் பெயர் என்ன? பெயர் சொல்ல முடியாதவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.